மூன்று ரிங்குக்குள் எடுக்க வேண்டும்

என் வேலை போன் பேசுவது. அலுவலகத்தில் அதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை நான் செய்வது அதுதான். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கிளை. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். ஸ்ரீரங்கத்தில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்; தில்லை நகரில் ஒவ்வொரு கிராஸ் தெருவிலும் ஓர் ஆஸ்பத்திரி. எல்லாக் கட்டடத்திலும் லிஃப்ட். எங்காவது ஒன்று நின்றுவிட்டால் எனக்கு போன் வரும். பக்கத்தில் இருக்கும் டெக்னீஷியனைக் கூப்பிட்டு நான் அனுப்ப வேண்டும். டெக்னீஷியன்கள் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேரும் பைக்கில்தான் ஊரைச் சுற்றுவார்கள்.

நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. உறையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். வருகிற வழியிலேயே போனைத் துப்பட்டாவுக்குள் காதோரம் செருகிக்கொண்டு அம்மாவிடம் பேசி முடித்துவிடுவேன். அதில் ஒரு சாமர்த்தியம் இருப்பதாகக்கூட நினைத்திருந்தேன்.

எட்டுப் பேரில் மூத்தவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது இருக்கும். வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் ஒரு வாடகைப் போர்ஷன். மனைவி திருவானைக்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். ஒரே பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கிளையில் எல்லோருக்கும் அவர் பெரியவர்; நான் நேரில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

வண்டி விஷயத்தில் அவர் மற்றவர்களைப் போல இல்லை. காலையில் கிளம்புவதற்கு முன் குனிந்து இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவார். ஹெல்மெட்டைச் சும்மா கவிழ்த்துக்கொள்ளாமல் வாரை மாட்டுவார். கருவிப் பையைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டமாட்டார். பின்னால் பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டுவார். இதையெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, ஒருநாள், பழனிக்கா போகிறீர்கள் என்று கேலி செய்தேன். லிஃப்ட்டில் பிரேக் பார்ப்பதுதான் என் தொழில், என் வண்டியில் பார்க்காமல் இருப்பேனா என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் யாருக்கும் உபதேசம் செய்கிற ஆள் இல்லை அவர்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். ரிங் போய்க்கொண்டே இருக்கும், நின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அவரே கூப்பிடுவார். வண்டியை எங்காவது ஓரமாக நிறுத்தியிருப்பார். பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்தே இடம் சொல்லிவிடுவேன். பூ விற்கிற குரல் கேட்டால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, லோடு இறக்குகிற சத்தம் கேட்டால் மரக்கடை. "சொல்லுங்க மேடம், நிறுத்திட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த இரண்டு மூன்று நிமிடம் எனக்குப் பெரிய இம்சை. ஒரு பக்கம் வாடிக்கையாளர் லைனில் கத்திக்கொண்டிருப்பார். நான் என் நகத்தைக் கடித்துக்கொண்டு இவருடைய அழைப்புக்குக் காத்திருப்பேன். உண்மையைச் சொன்னால், லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டது என்பதெல்லாம் மாதத்துக்கு நாலைந்துதான் வரும். மீதி அழைப்புகள் எல்லாம் என் வசதிக்கானவை. எங்கே இருக்கிறீர்கள், முடிந்ததா, அடுத்த இடம் தெரியுமா, படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்களா. ஒரு டெக்னீஷியனுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கூப்பிடுவேன். அவர்கள் வண்டியில் போய்க்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு எங்கே இருப்பார்கள்?

பாதுகாப்பு விதிகள் எங்களிடம் இல்லாமலும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். ஹெல்மெட் அணிவேன், வேக வரம்பை மீறமாட்டேன், வாகனம் ஓட்டும்போது கைபேசியில் பேசமாட்டேன் என்று வரிசையாக இருக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்து எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. மாதத்தின் முதல் வாரத்தில் வண்டிப் பரிசோதனைப் படிவம் என்று இன்னொன்று. டயர், பிரேக், விளக்கு, கண்ணாடி, ஹாரன். கீழே இறங்கிப் போய் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து டிக் போட வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டுப் படிவத்துக்கும் டிக் போட்டுவிடுவேன். ஒரு பையனுடைய வண்டியில் வலதுபக்கக் கண்ணாடி நான்கு மாதமாக இல்லை. என் படிவங்களில் அது இருந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்த மென்பொருள் வந்தது. நான் கூப்பிட்டால் டெக்னீஷியன் எத்தனை ரிங்கில் எடுக்கிறார் என்று அதுவே குறித்துக்கொள்ளும். மூன்று ரிங்குக்குள் எடுத்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. வாராவாரம் அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார் மேனேஜர். ஒட்டினேன். பெரியவருடைய வரிசை மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்பாக இருந்தது.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு மேனேஜர் என்னைக் கேட்டார், இவருக்கு என்ன பிரச்சினை என்று. அவர் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார் சார், அதுதான் விதியும்கூட என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. அவர் எப்பவுமே இப்படித்தான் சார், கூப்பிட்டா எடுக்கவே மாட்டாரு, கஸ்டமர்கிட்ட நான்தான் திட்டு வாங்கறேன் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரை எழுப்பி நிற்க வைத்தார். அந்த வயது ஆளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல. அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "ஓட்டிக்கிட்டே பேசமாட்டேன்னு நீங்கதான சார் கையெழுத்து வாங்கியிருக்கீங்க." சிலர் சிரித்தார்கள். மேனேஜருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. மற்ற ஏழு பேர் எடுக்கவில்லையா, அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது, காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறத் தெரியாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார். அப்போதும் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லேசாகத்தான். ஆனால் அவர் என் பக்கம் பார்த்த நேரத்தில் என் முகத்தில் அது இருந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"இனிமே எடுத்துடறேன் மேடம்" என்றார்.

சரிங்கண்ணே, தேங்க்ஸ் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எடுத்தார். இரண்டாவது ரிங்கிலேயே. போனில் காற்று இரைகிற சத்தம் கேட்கும், ஹாரன்கள் கேட்கும். முதல் சில நாட்கள், "ஓட்டிக்கிட்டிருக்கேன், சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கொஞ்ச நாளில் அவரும் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார். சுவரில் அவருடைய வரிசை பச்சையானது. அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஆடி மாதம். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. அந்த மாதத்தில் திருச்சியில் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஊருக்குள் வரும் பாலத்தின் மேல் அது இரண்டு மடங்கு. தண்ணீரைப் பார்க்க ஜனங்கள் வண்டியைப் பாலத்திலேயே நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

காலை பதினொரு மணி இருக்கும். பெரியவர் ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடியில் வேலையை முடித்துவிட்டுத் தில்லை நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். யாரும் லிஃப்ட்டில் மாட்டிக்கொள்ளவில்லை. எந்த அவசரமும் இல்லை. அன்றைய படிவங்களை நான் முன்கூட்டியே கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த அடுக்குமாடியின் செயலாளர் கையெழுத்துப் போட்டாரா என்ற ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் கூப்பிட்டேன். இருபது நிமிடம் பொறுத்திருந்தால் அவரே மாடியேறி வந்து தாளை நீட்டியிருப்பார்.

எடுத்தார். கையெழுத்து வாங்கிட்டீங்களாண்ணே என்று கேட்டேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன மேடம்? கேக்கல."

மறுபடி கேட்டேன், இன்னும் சத்தமாக. ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்த போனை இடதுகையால் காதோடு சேர்த்து அழுத்தியிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது, இரைச்சல் கொஞ்சம் குறைந்து அவர் குரல் பக்கத்தில் வந்தது மட்டும்தான் தெரிந்தது. "கையெழுத்தா? வாங்..." என்றார். பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. தகரத்தைத் தரையில் இழுப்பது போல.

ஹலோ ஹலோ என்றேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அந்த இரண்டு முறையும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

"ஏங்க, இந்த போனுக்காரரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

கூட வேலை பார்க்கிறவர் என்றேன். நடந்ததை அவர் சொன்னார். பாலத்தில் முன்னால் போன டவுன் பஸ் திடீரென்று நின்றிருக்கிறது. ஒரு கையில் பிடித்த வண்டி, பிரேக் போட்டதும் திரும்பிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம் மோதி வலதுபுறமாக விழுந்திருக்கிறது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஒடித்துத் திருப்பியும் சக்கரம் அவருடைய வலதுகை மேல் ஏறிவிட்டது. ஹெல்மெட் மாட்டியிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை, ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போனை வைத்தார். அந்த போன் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. கூட்டத்தில் எங்கோ போய்விட்டது.

மேனேஜரும் நானும் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில் துணியைச் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர், போன் பேசிக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்களே, யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டார். நான் கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளி நின்றிருந்தேன்.

"ஏதோ ஒரு கால் வந்துச்சு சார். யாருன்னு பாக்கலை" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை.

சற்று நேரத்தில் அவர் மனைவி வந்தார். பள்ளியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும். சேலையில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. குழம்பிப் போயிருந்தார். "ஓட்டறப்ப அவரு போன எடுக்கவே மாட்டாரும்மா. நான் கூப்பிட்டாலே எடுக்க மாட்டாரு. அப்படி யாருகிட்ட பேசினாருன்னு தெரியலையே" என்றார். இதை மூன்று நான்கு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒருவேளை எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வாங்கி வரட்டுமா அக்கா என்று கேட்டேன்.

மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். கை இருந்தது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கிற கை அது.

விபத்து அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். காரணம் என்ற கட்டத்துக்கு மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தேன்: வாகனம் ஓட்டும்போது கைபேசியில் பேசியது, பணியாளரின் கவனக்குறைவு. அவர் கையெழுத்துப் போட்ட விதித்தாளையும் இணைக்கச் சொன்னார். அந்தத் தாளை நானே வாசித்து, நானே பேனாவை நீட்டி வாங்கிய கையெழுத்து அது. மென்பொருளில் என் அழைப்பு பதிவாகியிருந்ததை மேனேஜர் பார்த்திருந்தார். "கால் உங்களோடதுதான். அது இதுல வேண்டாம். உங்களுக்கும் நல்லதில்ல" என்றார். நான் தலையாட்டினேன். யார் கூப்பிட்டது என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அது இல்லாதது எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

விதியை மீறிய விபத்து என்று முடிவாயிற்று. இந்தக் கையோடு இனி இந்த வேலை முடியாது என்பதும் சேர்ந்துகொள்ள, சில மாதங்களில் அவரை விடுவித்துவிட்டார்கள். விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட அவர் வந்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு பத்து நாள், மற்ற ஏழு பேரையும் கூப்பிட எனக்குக் கை வரவில்லை. பதினோராவது நாளிலிருந்து பழையபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர்களும் பழையபடி எடுத்தார்கள். காற்று இரைந்தது, நான் பேசினேன். சுவரில் தாள் தொங்கியது, ஒரு வரிசை மட்டும் குறைந்திருந்தது.

அவர் வீட்டுக்கு நான் போனது அடுத்த சித்திரையில். ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டேன். போவதற்கு என்று பெரிய காரணம் எதுவும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வந்திருந்தேன், சீக்கிரம் வந்துவிட்டேன், நான்கு மணி வெயிலில் கால்கள் அந்த வீதிக்குப் போயின. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

அவர்தான் கதவைத் திறந்தார். "வாங்கம்மா" என்றார். வேலையை விட்டதும் மேடம் போய்விட்டது. மனைவி உள்ளே சமையலறையில் இருந்தார். இடதுகையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். வலதுகை மடியில் கிடந்தது. விரல்கள் லேசாக விரிந்தபடியே இருந்தன. இடதுகையால் எழுதப் பழகுவதாகச் சொல்லி ஒரு நோட்டைக் காட்டினார். இரண்டு கோடு போட்ட நோட்டு.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அன்றைக்கு நான் கூப்பிட்டிருக்கக் கூடாது அண்ணே என்று சொல்லிவிட்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார்: "கோவம் இல்லைன்னு சொல்லமாட்டேம்மா. நெறைய இருந்துச்சு. ஆஸ்பத்திரில நீங்க அங்க நின்னீங்க பாருங்க, நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

போலீஸ்காரரிடம் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த நேரத்தில் அப்படித்தான் வாயில் வந்தது, சொல்லி என்ன ஆகப்போகிறது, போனை எடுத்தது நான்தானே என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"மத்த ஏழு பேரும் இன்னும் எடுக்கறாங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாண்ணே என்றேன்.

"நீங்க இன்னும் கூப்பிடறீங்களா?"

ஆமாம் என்றேன்.

அவர் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். அதுவரை என்மேல் ஏதோ கொஞ்சம் இரக்கம் இருந்திருக்க வேண்டும். அது போய்விட்டது. என் கை போனதுக்கு இதுகூட நடக்கவில்லையா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மனைவி காபியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார்.

"அப்ப அது ஆபீஸ் காலா?" என்றார். "இத அன்னிக்கே ஆஸ்பத்திரில எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா. ஒன்பது மாசம். தெனம் இவரக் கேக்கறேன், யாரு, யாருகிட்ட பேசினீங்கன்னு. ஞாபகமில்லைங்கறாரு. பொண்டாட்டி கூப்பிட்டா எடுக்காத மனுசன் யாருக்காக எடுத்தாருன்னு நான் என்னென்னவோ நெனச்சு, பேசக்கூடாததெல்லாம் பேசி..." மேலே சொல்லாமல் நிறுத்திவிட்டார். கணவரைப் பார்த்து, "நீங்களும் சொல்லலையே" என்றார். அவர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. அந்த அம்மா உள்ளே போய்விட்டார். நான் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை.

நான் செய்ததில் இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. கையை உடைத்தது பாலமும் பஸ்ஸும் காற்றும் சேர்ந்து என்று எப்படியாவது மனதைச் சமாதானம் செய்துகொள்ளலாம். இந்த ஒன்பது மாதச் சண்டையை அந்த வீட்டுக்குள் வைத்தது நான் மட்டும்தான். வராந்தாவில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

வரவேற்புக்குப் போகாமல் திரும்பினேன். மறுநாள் காலை தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அழைப்பு என்னுடையது, அவசரம் எதுவும் இல்லாத அழைப்பு, அவர் வண்டியை நிறுத்திப் பேசுகிற பழக்கம் உள்ளவர், அதற்காகக் கூட்டத்தில் அவமானப்படுத்தப்பட்டார், அதற்கு நான் சொன்ன புகார்தான் காரணம், வண்டிப் படிவங்களை வண்டியைப் பார்க்காமலே நிரப்பினேன். எல்லாவற்றையும் எழுதினேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. சென்னையிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் விசாரித்தார். பெரியவர் வீட்டுக்கும் போனார். மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அறிக்கையில் இருந்த அந்த வரியை மாற்றிப் பணி நேர விபத்து என்று எழுத ஐந்து மாதம் ஆயிற்று. சுவரில் இருந்த தாளை நானே கிழித்தேன்.

எங்கள் கிளையிலேயே உட்கார்ந்த வேலையாக, உதிரி பாகங்கள் அறையைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட்டார்கள். செய்தி சொல்ல நான் போனேன். வேண்டாம் என்றார். "அந்த போன் சத்தத்தக் கேட்டுக்கிட்டு அங்க உக்கார முடியாதும்மா." இப்போது ஸ்ரீரங்கத்திலேயே ஓர் அடுக்குமாடியில் மேற்பார்வையாளராக இருக்கிறார்.

அதற்குப் பிறகு என் வேலையின் முறை மாறியது. டெக்னீஷியனைக் கூப்பிடுவதில்லை; செய்தி அனுப்புவேன். வண்டியை நிறுத்திவிட்டு அவர்களே கூப்பிடுவார்கள். ஆள் மாட்டிக்கொண்ட அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுவேன், அப்போதும் முதல் கேள்வி, வண்டி நிற்கிறதா என்பதுதான். இல்லை என்றால் வைத்துவிடுவேன். லிஃப்ட்டுக்குள் இருப்பவரிடம் நானே பேசிக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நடுவயதுப் பெண்மணி தன் மாமியாரைப் பற்றிப் பதினேழு நிமிடம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. மாதத்தின் முதல் வாரம் கீழே இறங்கிப் போய் ஏழு வண்டிகளின் டயரையும் தொட்டுப் பார்க்கிறேன். வெயிலில் அரைமணி நேரம் ஆகும். பசங்கள் சலித்துக்கொள்வார்கள். இவ்வளவு சுலபமான காரியங்கள். ஒரு மனிதருடைய கை போவதற்கு முன்னால் இவற்றில் ஒன்றையாவது நான் செய்திருக்கலாம்.

போன தை மாதம் அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம். அலுவலகத்துக்குப் பொதுவாகப் பத்திரிகை வைத்திருந்தார். ஏழு பேரும் போனார்கள், நானும் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். தாரை வார்க்கும்போது பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். இடதுகையை நீட்ட முடியாது. அவர் வலதுகையை நீட்டினார். அது பெண்ணின் கையைப் பிடிக்கவில்லை. சும்மா அதன்மேல் கிடந்தது. அவர் மனைவி ஒரு கையில் சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே, இன்னொரு கையை அவர் மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. மேளம் கொட்டியது.

மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் எல்லோரையும் விசாரித்தார். என்னிடமும் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். சந்தனம் எடுத்துக்கொண்டு அவர் மனைவியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வந்ததுக்குச் சந்தோஷம் என்றார். அடுத்து நின்றவரிடம் திரும்பி, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.